பஸ் மாறி ஏறியவர்கள்: பிள்ளைகளுக்கு மனந்திரும்புதலைச் சொல்லித் தருவது

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் ஏற்காடு பஸ் என்று நினைத்து ஓமலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நல்ல ஜன்னலோரச் சீட்டு. அஸ்தம்பட்டி வரும், கோரிமேடு வரும், அடிவாரம் வரும் என்று வெளியே பார்த்தபடி இருக்கிறீர்கள். வந்ததோ கருப்பூர். இப்போது என்ன செய்வீர்கள்?

எங்கள் ஞாயிறு பள்ளியில் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். மனந்திரும்புதல் பாடத்தை இந்தக் கேள்வியில்தான் தொடங்குவேன். "கண்டக்டர்கிட்ட சொல்லி இறங்கிடுவேன்" என்று ஒருவன் சொல்வான். "எங்கம்மாவுக்கு போன் போடுவேன்" என்று ஒருத்தி. எந்த வருடமானாலும் யாராவது ஒரு பிள்ளை "அழுவேன் டீச்சர்" என்று சொல்லும். அந்தப் பிள்ளையைத்தான் நான் பிடித்துக்கொள்வேன்.

சரி கண்ணு, அழு. சீட்டில் உட்கார்ந்தபடியே அழு. பஸ் எங்கே போகும்?

"ஓமலூருக்கு."

இன்னும் சத்தமாக அழுதால்?

"அப்பவும் ஓமலூருக்குத்தான் டீச்சர்."

வகுப்பே சிரிக்கும். ஆனால் பாடத்தில் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது. அழுவது தவறில்லை. தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டோம் என்று தெரிந்தால் வயிற்றைப் பிசையத்தான் செய்யும், பிசையவும் வேண்டும். ஆனால் இறங்கினால்தான் உண்டு. இறங்கி, சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கம் வரும் பஸ்ஸில் ஏற வேண்டும். கிறிஸ்தவம் மனந்திரும்புதல் என்று சொல்வது இந்த முழுச் செயலையும்தான். தப்பு என்று தெரிந்துகொள்வது, அதற்காக வருந்துவது, அதை விட்டு இறங்குவது, போக வேண்டிய திசைக்குத் திரும்புவது எல்லாம் அதற்குள் அடக்கம்.

நம் மொழியில் இந்தச் சொல் அமைந்திருக்கும் விதம் எனக்கு எப்போதும் சந்தோஷம் தருவது. பழைய ஏற்பாட்டின் எபிரெய மொழியில் இதற்குப் பெரும்பாலும் வரும் வினைச்சொல் 'ஷூப்'. திரும்பு, திரும்பி வா என்று பொருள். வழி தவறியவன் திரும்புவதற்கும், ஊரைவிட்டுப் போனவன் வீடு திரும்புவதற்கும் அதே சொல்தான். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் வரும் சொல் 'மெட்டநோயா'. அதற்கு மனம் மாறுதல், எண்ணம் மாறுதல் என்று பொருள். ஒன்றில் கால் திரும்புகிறது, மற்றதில் மனம் மாறுகிறது. தமிழில் 'மனந்திரும்புதல்' என்று சொல்லும்போது எபிரெயத்தின் திரும்புதலும் கிரேக்கத்தின் மனமும் ஒரே சொல்லில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் 'மனம் மாறுதல்' என்று இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளை அப்படிச் சொன்னால் அது வேறு ஏதோ என்று உங்கள் பிள்ளை நினைத்துவிட வேண்டாம். இயேசு ஊழியத்தைத் தொடங்கியபோது பேசியதாக மாற்கு எழுதியிருக்கும் முதல் வாக்கியத்திலேயே இந்த அழைப்பு இருக்கிறது (மாற்கு 1:15). அந்த வாக்கியத்தில் பயமுறுத்தல் எதுவும் கிடையாது. தேவனுடைய ராஜ்யம் பக்கத்தில் வந்துவிட்டது, ஆகவே திரும்புங்கள் என்கிறார். நல்ல செய்தியைச் சொல்லிவிட்டுத்தான் கூப்பிடுகிறார்.

எதிலிருந்து திரும்புவது? இங்கே அவசரப்படக் கூடாது. பிள்ளைகள் எல்லாவற்றையும் பாவக் கணக்கில் எழுதிக்கொள்வார்கள். பால் டம்ளர் கை தவறி விழுந்ததும் பாவம், கணக்கில் நாற்பது மார்க் வாங்கியதும் பாவம், படுக்கையை நனைத்ததும் பாவம். வீட்டில் எதற்குத் திட்டு விழுகிறதோ அதெல்லாம் அவர்களுக்குப் பாவமாகிவிடும். அதனால் கரும்பலகையில் கோடு போட்டுப் பிரித்தே காட்டுவேன். கை தவறியது ஒரு பக்கம். வேண்டுமென்று செய்தது மறுபக்கம். தம்பியின் பென்சில் உன் கால் பட்டு உடைந்தால் அது தவறுதல். உடைத்துவிட்டு "நான் இல்லை" என்று அவன்மேலேயே பழி போட்டால் அது வேறு. இன்னொன்றும் உண்டு. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டது. வகுப்பில் எல்லாரும் ஒரு பிள்ளையைப் பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்தபோது நான் சும்மா நின்றேன் என்று பிள்ளைகளே எடுத்துச் சொல்வார்கள். அதைச் சொல்லிவிட்டு அவர்கள் தலை குனிவதைப் பார்த்திருக்கிறேன்.

இதோடு சேர்த்து ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளைக்குத் தீங்கு செய்திருந்தால், அந்தப் பிள்ளை பல நேரம் அதைத் தன்னுடைய குற்றமாகவே சுமந்துகொண்டிருக்கும். பாவ அறிக்கை பற்றிய பாடத்தில் அது தயங்கித் தயங்கி வெளியே வரக்கூடும். அப்போது வாயில் வர வேண்டிய முதல் வார்த்தை, "இது உன் தப்பு இல்லை கண்ணு" என்பதுதான். அந்தப் பிள்ளையை மனந்திரும்பச் சொல்லவே கூடாது. ஜெபித்து அனுப்பிவிட்டால் போதாது, நம்பத்தக்க பெரியவர்களிடம் பேசி, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும். மனந்திரும்ப வேண்டியவர் வேறு ஆள்.

இனி கதைக்கு வருகிறேன். லூக்கா 15-ஆம் அதிகாரத்தில் உள்ள கெட்ட குமாரன் கதையை விட்டுவிட்டு இந்தப் பாடத்தை யாரும் நடத்த முடியாது. சொத்தில் தன் பங்கை அப்பாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு தூர தேசம் போய், எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பன்றி மேய்க்கும் நிலைக்கு வந்து, பிறகு வீடு திரும்புகிற இளைய மகனின் கதை அது. எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த கதை என்பதால் நான் சொல்வதில்லை, நடிக்க வைத்துவிடுவேன். ஒரு வருடம் அப்பாவாக நடித்த பையன் கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றான். மகன் தூரத்தில் வருகிறான், இவன் அசையவில்லை. "ஓடுப்பா, ஓடிப் போய்க் கட்டிக்கோ" என்றேன். அவன் நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டான், "அப்பா எதுக்கு டீச்சர் ஓடணும்? தப்புப் பண்ணவன்தானே வரணும்?"

இதைவிட நல்ல கேள்வியை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. அன்றைக்கு நாடகத்தை அப்படியே நிறுத்திவிட்டு, எல்லாரும் வேதத்தைத் திறந்து அந்தப் பகுதியை எழுத்தெழுத்தாகப் பார்த்தோம். ஊரில் மதிப்பான ஒரு தாத்தா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் தலைதெறிக்க ஓடினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அந்தக் காலத்து யூதர் நடுவிலும் பெரிய மனிதர் ஓடுவது அப்படித்தான் பார்க்கப்பட்டிருக்கும். அவன் தூரத்தில் வரும்போதே தகப்பன் கண்டான் என்று வசனம் சொல்கிறது. பார்த்துக்கொண்டே இருந்தால்தானே தூரத்திலேயே தெரியும்?

அடுத்து 18, 19-ஆம் வசனங்களையும் 21-ஆம் வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். இதை நீங்களும் உங்கள் வகுப்பில் செய்து பாருங்கள். பன்றிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, புத்தி தெளிந்து, அப்பாவிடம் என்ன பேசுவதென்று அவன் மனப்பாடம் செய்கிறான். பாவம் செய்தேன், உம்முடைய மகன் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை, கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். மூன்று பேச்சு. வீட்டுக்கு வந்து சொல்லும்போது முதல் இரண்டுதான் வருகின்றன. மூன்றாவது எங்கே? பிள்ளைகள் தேடுவார்கள். இல்லை. அவன் அதைச் சொல்வதற்குள் அப்பா வேலைக்காரரைக் கூப்பிட்டு நல்ல உடுப்பு, மோதிரம், செருப்பு என்று அடுக்க ஆரம்பித்துவிட்டார். கூலிக்காரனாக வைத்துக்கொள்ளும் என்ற பேச்சுக்கு அந்த வீட்டில் இடமே இல்லை. தேடி இதைக் கண்டுபிடித்த பிள்ளை அதை மறக்காது.

மூத்த மகனை விட்டுவிடாதீர்கள். ஞாயிறு பள்ளிக்கு ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்து, வசனம் ஒப்பித்து, வருட முடிவில் வருகைப் பரிசு வாங்குகிற பிள்ளைகள் எல்லாம் அவன் கட்சி. (சிறுவயதில் நானும் அந்தக் கட்சிதான்.) அவன் எந்தப் பஸ்ஸும் மாறி ஏறவில்லை, வீட்டிலேயே இருந்தான். ஆனால் தம்பி வந்த சந்தோஷத்தில் கலந்துகொள்ள முடியாமல் வாசலில் நிற்கிறான். அவனையும் கூப்பிட அந்த அப்பாவே வெளியே வருகிறார். அவன் உள்ளே போனானா இல்லையா என்று இயேசு சொல்லவில்லை. கதை வாசலிலேயே நிற்கிறது.

அழுகைக்கும் திரும்புதலுக்கும் உள்ள வித்தியாசத்தை வேதத்தில், இயேசு பிடிபட்ட இரவிலும் அது விடிந்த காலையிலுமாக இரண்டு பேரிடம் பார்க்கலாம். அவருடைய சீடர்களான யூதாசும் பேதுருவும். ஒன்பது பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு யூதாசின் முடிவை நான் விவரிப்பதில்லை, அது தேவையில்லை. கொஞ்சம் பெரிய பிள்ளைகளிடம் பேசும்போது இதைப் பொறுமையாக விரிக்கிறேன், ஏனென்றால் இங்கே பெரியவர்களே தடுமாறுகிறார்கள்.

பணத்துக்காக இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் வருந்தவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். மத்தேயு 27-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். அவன் மனஸ்தாபப்பட்டான். முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுவந்தான். பாவஞ்செய்தேன் என்று வாய்விட்டுச் சொன்னான். பட்டியல் போட்டுப் பார்த்தால் அவன் செய்யாதது என்ன? வருத்தம் இருந்தது, அறிக்கை இருந்தது, பணத்தையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஆனால் யாரிடம் போனான்? அவனை விலைக்கு வாங்கியவர்களிடமே போனான். அவர்கள் சொன்ன பதில், "எங்களுக்கென்ன, அது உன்பாடு." நொந்துபோய் வந்து நிற்கிற ஒருவனிடம் சொல்லத் தகாத வார்த்தை அது. அதே வார்த்தையை நம் வீடுகளிலும் எத்தனை தடவை சொல்கிறோம்! "நீ பண்ணதுக்கு நீயே அனுபவி" என்று.

பேதுரு செய்ததும் சின்னத் தப்பல்ல. குளிர்காய்ந்துகொண்டு நின்ற இடத்தில், இயேசுவைத் தெரியவே தெரியாது என்று மூன்று தடவை மறுத்தான். சேவல் கூவிற்று. அந்த நொடியில் நடந்ததை லூக்கா மட்டும் எழுதியிருக்கிறார். "கர்த்தர் திரும்பிப் பேதுருவை நோக்கிப்பார்த்தார்" (லூக்கா 22:61). திரும்பி! பேதுரு வெளியே போய் மனங்கசந்து அழுதது அதற்குப் பிறகுதான். அந்த இரவில் முதலில் திரும்பியவர் கர்த்தர். பல வருடம் மேலோட்டமாக வாசித்துப் போன இந்த வசனம் ஒரு நாள் கண்ணில் பட்டபோது, நான் நடத்திவந்த பாடத்தையே மாற்றிவிட்டேன். அதற்கு முன்னால் "நீ திரும்பு, அப்புறம் கடவுள் உன்னைப் பார்ப்பார்" என்கிற வரிசையில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வரிசை அப்படி இல்லை.

பிறகு யோவான் 21-ஆம் அதிகாரத்தில், கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டுவைத்துக்கொண்டு இயேசு காத்திருக்கிறார். பேதுரு மறுதலித்த இரவிலும் முற்றத்தில் கரிநெருப்புதான் எரிந்துகொண்டிருந்தது என்று அதே யோவான்தான் எழுதுகிறார். அதே நெருப்பு வாசனை. மூன்று தடவை மறுத்தவனிடம் மூன்று தடவை கேள்வி: என்னை நேசிக்கிறாயா? எதையும் மூடி மறைக்கவில்லை, அதே நேரம் அவனை விரட்டவும் இல்லை. காலைச் சாப்பாடு போட்ட பிறகுதான் கேள்வியே கேட்கிறார். ஆசிரியர்களே, இந்தக் கடைசி விவரத்தைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள். பசியோடிருக்கும் பிள்ளையிடம் விசாரணை வைக்காதீர்கள்.

பயமுறுத்தித் திருப்புவது சுலபம். நரகத்தை விவரமாக வர்ணித்துவிட்டு, விளக்கை அணைத்து, யாரெல்லாம் மனந்திரும்புகிறீர்கள் கையைத் தூக்குங்கள் என்றால் எல்லாக் கையும் தூக்கும். அடுத்த வாரமும் தூக்கும். அது திகில், திரும்புதல் அல்ல. எட்டு வயதுப் பிள்ளை இரவில் தூங்காமல் கிடப்பதுதான் அதனால் கிடைக்கும் பலன். பவுல் இதைத் தெளிவாகப் பிரிக்கிறார் (2 கொரிந்தியர் 7:10). தேவனுக்கேற்ற துக்கம் ஒன்று இருக்கிறது, அது மனந்திரும்புதலுக்குக் கொண்டுபோகும். உலகத்துக்கு ஏற்ற துக்கம் இன்னொன்று இருக்கிறது, அது ஆளையே கொன்றுவிடும். மாட்டிக்கொண்டோமே என்ற வருத்தம் வேறு, அம்மா மனசு நொந்துபோச்சே என்ற வருத்தம் வேறு என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடுகிறது.

எல்லார் முன்னாலும் பாவத்தைச் சொல்ல வைப்பதும் வேண்டாம். நான் சின்னத் துண்டுத்தாளும் பென்சிலும் கொடுத்துவிடுவேன். கடவுளிடம் சொல்ல வேண்டியதை எழுதி மடித்து அவர்களே வைத்துக்கொள்வார்கள். நான் படிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், படித்ததும் இல்லை. என்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அவர்களே வருவார்கள்.

பிள்ளைகள் இதைக் கற்றுக்கொள்ளும் முதல் பாடப்புத்தகம் நாம்தான். போன வருடம் வகுப்பில் மாட்டும் வேதாகமப் படம் ஒன்று காணவில்லை. முந்தின வாரம் அதை வைத்து விளையாடிக்கொண்டிருந்த பையனைப் பார்த்து, "நீதானே எடுத்துட்டுப் போன?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டேன். அவன் இல்லையென்றான். நான் நம்பவில்லை என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்கும். புதன்கிழமை இரவு என் வீட்டுப் பீரோவில், பாட்டுப் புத்தகங்களுக்கு நடுவில் அந்தப் படம் சுருட்டியபடி இருந்தது. நானே கொண்டுவந்து வைத்தது.

ஞாயிறு வரும்வரை மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். "டீச்சர் மறந்துட்டேன், ஆனா நீ போன வாரம் அதைப் போட்டுக் கசக்கினதாலதான்..." என்று அந்த 'ஆனா' மட்டும் ஒவ்வொரு முறையும் வந்து ஒட்டிக்கொண்டது. 'ஆனா' இல்லாமல் மன்னிப்புக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்பது அப்போதுதான் தெரிந்தது. பழி சொன்னது எல்லார் முன்னாலும் என்பதால் மன்னிப்பும் எல்லார் முன்னாலும்தான் இருக்க வேண்டும். வகுப்பு தொடங்கியதும் நின்றபடி சொன்னேன். "படத்தை நீ எடுக்கல. நான்தான் எடுத்துட்டுப் போய் மறந்துட்டேன். உன்மேல பழி போட்டது என் தப்பு. என்னை மன்னிச்சிடு." அவன் "பரவால்ல டீச்சர்" என்றான். ஆனாலும் அவன் மறுபடி முன்வரிசைக்கு வந்து உட்கார மூன்று வாரம் ஆயிற்று. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்டவுடன் எல்லாம் பழையபடி ஆகிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் லீவுக்கு எங்கள் வகுப்புக்கு வருவார்கள். இயேசுவுக்கு முன்னோடியாக வந்த தீர்க்கதரிசி யோவான் ஸ்நானகன் சொன்ன "மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனிகள்" என்பதை விளக்க அவர்களையே பேசச் சொல்வேன். கோடை மழை பெய்ததும் காப்பிச் செடியில் மல்லிகைபோல வெள்ளையாகப் பூ வரும், மலையே மணக்கும். பூத்த மறுநாளே பழம் பறிக்க முடியுமா? பழம் சிவக்க எட்டு ஒன்பது மாதமாகும் என்று அந்தப் பிள்ளைகள் அடித்துச் சொல்வார்கள். ஸாரி என்பது பூ. பழத்துக்கு நாள் பிடிக்கும். அந்த யோவானிடம் ஜனங்கள் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, அவரவர் வேலைக்குத் தக்கபடி பதில் சொன்னார் (லூக்கா 3). இரண்டு அங்கி வைத்திருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடு. வரி வசூலிப்பவன் விதித்ததற்கு மேல் வாங்காதே. போர்ச்சேவகன் யாரையும் மிரட்டாதே, உன் சம்பளத்தில் திருப்தியாயிரு. யாரையும் வனாந்தரத்துக்கு வந்து உட்காரச் சொல்லவில்லை. நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வந்து அவரிடம் கேட்டால் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை உடனே சொன்னது: "கலர் பென்சில் ரெண்டு பாக்ஸ் இருந்தா ஒண்ணைக் குடு."

ஒருமுறை மனந்திரும்பிவிட்டால் போதுமா என்ற கேள்வி கட்டாயம் வரும். மே மாதத்தில் பிள்ளைகளை ஏற்காட்டுக்கு அழைத்துப் போகும்போது இதற்கு எனக்குப் பதில் கிடைத்தது. அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் சத்தம்போட்டு எண்ணிக்கொண்டே வருவார்கள். இடதுபுற ஜன்னலில் சேலம் நகரம் தெரியும். பஸ் வளைந்ததும் அதே நகரம் வலதுபுறம் வந்துவிடும். ஏழோ எட்டோ வளைவு தாண்டியபோது ஒரு சிறுமி கவலையோடு கேட்டாள், "மறுபடி மறுபடி சேலம்தான் வருது, நாம மேல போறோமா இல்லையா டீச்சர்?" அவளிடம் வீடுகளைப் பார்க்கச் சொன்னேன். முதலில் வீடாகத் தெரிந்தது இப்போது தீப்பெட்டியாகத் தெரிகிறது. ஊர் அதேதான், நாம்தான் உயரே வந்திருக்கிறோம். அதே கோபம், அதே பொய், அதே பொறாமை என்று திரும்பத் திரும்பத் திரும்ப வேண்டியிருக்கிறதே என்று சோர்ந்துபோகிற பிள்ளைக்கும் எனக்கும் அந்த மலைப்பாதை ஆறுதல் தருகிறது. சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1517-இல் எழுதிய 95 கருத்துரைகளில் முதலாவதே இதைத்தான் சொல்கிறது: விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதே இயேசுவின் விருப்பம்.

சபைகள் இதற்கென்று காலமும் ஒதுக்கியிருக்கின்றன. ஈஸ்டருக்கு முன்னால் ஞாயிறுகளைக் கழித்து வருகிற 40 நாள், லெந்து காலம் அல்லது தவக்காலம். கத்தோலிக்க ஆலயங்களில் சாம்பல் புதனன்று நெற்றியில் சிலுவையாகச் சாம்பல் பூசுவார்கள். முந்தின வருடக் குருத்தோலைகளை எரித்தெடுத்த சாம்பல் அது. அங்குள்ள பிள்ளைகள் முதல் நற்கருணைக்கு முன் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் பழகுவார்கள். இப்போது ஒப்புரவு அருட்சாதனம் என்ற பெயரைப் புழங்குகிறார்கள். எங்களைப் போன்ற சபைகளில் ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து பொதுப் பாவ அறிக்கை சொல்கிறோம். முறை வேறு, திரும்பும் திசை ஒன்று.

கடைசியாக சகேயு. லூக்கா 19. எரிகோவில் வரி வசூலிப்பவர்களின் தலைவன், குள்ளன், காட்டத்தி மரத்தில் ஏறியவன். பிள்ளைகளுக்கு மரம் பிடிக்கும், எனக்குக் கணக்குப் பிடிக்கும். யாரிடமாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்கிறான். மோசேயின் சட்டத்தில், தானே வந்து தப்பை ஒத்துக்கொள்கிறவன் எடுத்ததைக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் (எண்ணாகமம் 5:7). நாலு மடங்கு என்பது ஆட்டைத் திருடி அறுத்தோ விற்றோ மாட்டிக்கொண்ட திருடனுக்கு உரியது. சகேயு யாரும் கேட்காமலே திருடனுக்குரிய கணக்கைத் தனக்குப் போட்டுக்கொள்கிறான். இதையெல்லாம் அவன் சொன்னது, உன் வீட்டில் தங்க வேண்டும் என்று இயேசு கூப்பிட்டு, அவன் அவரைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்ட பிறகு. இங்கேயும் அதே வரிசைதான்.

இந்தப் பாடம் நடத்திய அடுத்த ஞாயிறு, எல்லாரும் போன பிறகு ஒரு பையன் வாசலில் நின்றான். நான்காம் வகுப்பு. வீட்டில் ஆயாதான் வளர்க்கிறார். கொலுசுக்குச் சலங்கை கோக்கும் வேலையை வீட்டிலேயே செய்பவர். விளக்கு வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொரு முத்தாகக் கோத்தால்தான் கூலி. காணிக்கைக்கென்று அவர் கொடுத்த இருபது ரூபாய் நோட்டில் இவன் தட்டுவடை செட் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறான். கையில் வியர்வையில் நனைந்த சில்லறை. "நாலத்தனைன்னா எண்பது ரூபாய் வருது டீச்சர். எங்கிட்ட இருபத்தாறுதான் இருக்கு."

எனக்குத் தொண்டை அடைத்தது. எண்பது வேண்டாம் சாமி, நீயாகவே வந்து சொல்லிட்ட, அதுக்கு வேற கணக்கு இருக்கு என்று எண்ணாகமத்தைத் திறந்து காட்டினேன். விரல்விட்டு எண்ணி அவனே சொன்னான், இருபதில் ஐந்தில் ஒரு பங்கு நாலு ரூபாய், ஆக இருபத்து நாலு. எண்ணி என் கையில் வைக்கப் போனான். நான் கையை நீட்டவில்லை. "இதை என்கிட்டக் குடுக்கறதுக்கு முன்னாடி இன்னொருத்தர்கிட்டப் பேசணும் இல்ல?" என்றேன். அவனுக்குத் தெரிந்திருந்தது. "ஆயா திட்டும்" என்றான் மெதுவாக. திட்டலாம், நான் கூட வரட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தெருமுனை வரைக்கும் வந்தால் போதும் என்றான்.

தெருமுனையில் நின்று பார்த்தேன். ஆயா திண்ணையில் மடியில் வெள்ளைத் துணி விரித்து வேலையில் இருந்தார். இவன் பக்கத்தில் போய் நின்று ஏதோ சொன்னான். அவர் கை நின்றது. இவன் சில்லறையை நீட்டினான். அவர் அதைப் பார்க்கவில்லை, இவன் முகத்தைப் பார்த்தார். பிறகு மடியிலிருந்த முத்துகள் சிந்தாமல் துணியை நாலு மூலையும் சேர்த்துப் பிடித்துப் பக்கத்தில் எடுத்து வைத்துவிட்டு, அவன் உட்கார இடம் ஒதுக்கினார்.